வாய் திறக்காத ஹிப்ஹாப்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஹிப்ஹாப் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ராப் பாடகர் யோகி பி. அவரும் நட்சத்திரா குழுவும் 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். இளையராஜாவின் பழைய பாட்டைத் தொட்டு எழுந்த ‘மடை திறந்து’ அதில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஹிப்ஹாப் என்றால் வேகமாகப் பேசுவது, எதுகை போட்டு எதிராளியை மடக்குவது என்று மனத்தில் பதிந்துவிட்டது.

இப்போது ஒருவர் வந்து, “இதுவும் ஹிப்ஹாப் ஆல்பம்தான். ஆனால் முப்பத்தைந்து நிமிடமும் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். செய்தவர் ஒரே ஆள். முழுக்க அவர் வாழ்க்கையில் நடந்தது” என்றால் கேட்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். என் தங்கை மகன் நேராகவே கேட்டான்: “பேச்சே இல்லன்னா அது அவரு கதைன்னு எப்படி மாமா தெரியும்?”

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இசை படித்திருக்க வேண்டியதில்லை. காது இருந்தால் போதும், ஹெட்ஃபோன் இருந்தால் இன்னும் நல்லது.

பேச்சு பிறகு வந்தது

1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியில் ஒரு விருந்து நடந்தது. பள்ளி திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஏற்பாடு செய்த விருந்து. இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ், ஜமைக்காவில் பிறந்தவர். ஊர் அவரை கூல் ஹெர்க் என்று அழைத்தது. ஹிப்ஹாப்பின் பிறந்த நாளாக அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள்.

ஹெர்க் ஆட்டக்காரர்களைக் கவனித்தார். பாட்டு ஓடும்போது சுமாராக ஆடுகிறார்கள். பாடகர் நின்று, மற்ற கருவிகளும் நின்று, டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில வினாடிகள் வந்ததும் கூட்டம் வெறிகொண்டு ஆடுகிறது. அந்த இடத்துக்கு ‘பிரேக்’ என்று பெயர். சில வினாடியில் அது முடிந்துவிடுவதுதான் சிக்கல். அதற்கு அவர் கண்ட வழி, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலியில் வைத்துக்கொள்வது. ஒன்றில் பிரேக் முடியும் நேரத்தில் மற்றொன்றில் அதே பிரேக்கைத் தொடங்குவார். அது ஓடும்போது முதல் தட்டைப் பின்னால் சுழற்றி வைத்துக்கொள்வார். ஐந்து வினாடி ஐந்து நிமிடமாக நீண்டது.

ஹிப்ஹாப்பில் லூப் எனப்படும் வளையம் அங்கேதான் பிறந்தது. மைக்கில் நான்கு வார்த்தை சொல்லிக் கூட்டத்தை உசுப்புகிறவர் அப்போது ஓரத்தில்தான் நின்றார். அந்த நான்கு வார்த்தை வளர்ந்து ராப் ஆனது. ஆகவே பேச்சில்லாத ஹிப்ஹாப்பைப் பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்ட மிச்சம் என்று நினைக்கத் தேவையில்லை. அடிவாரம் எப்போதும் வளையம்தான்.

பத்து வினாடிப் பெட்டி

இரண்டு தட்டுகளைக் கையால் மாற்றி மாற்றிப் போட்ட வேலையைப் பிறகு இயந்திரம் எடுத்துக்கொண்டது. சாம்பிளர் என்ற அந்தப் பெட்டி ஒரு ஒலித் துண்டைப் பதிவு செய்து நினைவில் வைத்துக்கொள்ளும். பொத்தானைத் தட்டினால் அந்தத் துண்டு ஒலிக்கும். 1987இல் வந்த ஈமியூ எஸ்பி-1200 பெட்டியில் மொத்தமாகப் பத்து வினாடி அளவுக்கே பதிவு செய்ய முடியும். மறு ஆண்டு ராஜர் லின் வடிவமைத்த அக்காய் எம்பிசி60 வந்தது. நாலுக்கு நாலு என்று பதினாறு தட்டுப் பொத்தான்கள். விரலால் தட்டி வாசிக்கலாம் என்பதால் அது ஒரு வாத்தியமாகவே ஆகிவிட்டது.

பத்து வினாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பையன்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்வார்கள். குறைந்த நேரத்தில் நிறைய அடங்கும். பிறகு பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பெட்டியின் 12 பிட் என்ற குறைந்த ஒலித் தரமும் இந்த இழுவையும் சேர்ந்து ஒலியைச் சொரசொரப்பாக்கின. விளிம்பு தேய்ந்து, லேசாகத் தூசி படிந்த ஒலி. இடம் போதாமல் பிறந்த அந்தக் குறையை இன்று காசு கொடுத்து மென்பொருளில் வாங்குகிறார்கள்! அளவில்லாத நினைவகம் உள்ள கணினியில் உட்கார்ந்து, பத்து வினாடிப் பெட்டியின் ஒலி வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. பழைய ஒலிக்கு ஒரு வயது இருக்கிறது. கேட்டதும் ‘இது நேற்று நடந்தது இல்லை’ என்று காதுக்குப் புரிகிறது.

சாம்பிள் என்ற அந்த ஒலித் துண்டை அப்படியே சுற்றவிடுவது ஒரு வகை. துண்டு துண்டாக வெட்டி, வரிசையை மாற்றி, மூலப்பாட்டில் இல்லாத ஒரு மெட்டை உண்டாக்குவது இன்னொரு வகை. இதைத்தான் ‘சாப்’ செய்வது என்கிறார்கள். டிஜே ஷேடோ 1996இல் வெளியிட்ட ‘என்ட்ரொடியூசிங்’ பெரும்பாலும் எம்பிசி60இல், பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளைக் கொண்டு ஒரே ஆள் கட்டியது. முழுக்க சாம்பிள்களால் ஆன முதல் ஆல்பம் என்று கின்னஸ் அதைப் பதிவு செய்திருக்கிறது. அதன் அட்டைப்படமே ஒரு இசைத்தட்டுக் கடையின் அலமாரிகள்தான்.

கையின் தடம்

இந்தப் பகுதி கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள், சுவாரசியமான இடமே இதுதான்.

இந்த வகை இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 70 முதல் 95 அடி வேகத்தில் நடக்கும். 80 என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடிக்கு முக்கால் வினாடி. நாலு அடி சேர்ந்த ஒரு சுற்று 3 வினாடி. நாலு சுற்று கொண்ட வளையம் 12 வினாடி. ஒரு அடியை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் 187.5 மில்லி வினாடி. நீங்கள் பொத்தானைச் சற்று முன்பின்னாகத் தட்டினாலும் இயந்திரம் அந்த அடியைப் பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்துச் சரியாக உட்காரவைத்துவிடும். இந்த வசதியின் பெயர் ‘குவான்டைஸ்’. அதை முழுசாகப் போட்டால் கடிகாரம் மாதிரி சுத்தமான தாளம் கிடைக்கும்.

டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹிப்ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா அந்த வசதியை அணைத்துவிட்டு வாசிப்பார். இல்லையென்றால் ஒரு ஒலியைக் கட்டத்தில் விட்டு, இன்னொன்றை மட்டும் வேண்டுமென்றே நகர்த்துவார். ஸ்னேர் என்ற கூர்மையான டிரம் அடி இருபது முப்பது மில்லி வினாடி முந்தி வருகிறது, கிக் என்ற கனத்த டிரம் அடி கொஞ்சம் சோம்பலாகப் பின்னால் வருகிறது, ஹைஹேட் என்ற சிறு தாளத் தட்டு மட்டும் நேராக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்த்தால் பிசகு எது என்று சொல்ல முடியாது. ஆனால் தலை தானாக ஆடும். அவர் வாசித்த எம்பிசி3000 இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பேச்சில்லாத ஆல்பத்தில் ஆளை முதலில் அடையாளம் காட்டுவது இந்த மில்லி வினாடிகள்தான். ராப் ஆல்பத்தில் குரலே ஆளைக் காட்டிவிடும். இங்கே குரல் இல்லை. யார் எங்கே முந்துகிறார், எங்கே பிந்துகிறார் என்பதே அவர் குரல். தனியாள் ஆல்பத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், தேர்ந்தெடுத்தது, வெட்டியது, தட்டியது, கலந்தது எல்லாம் ஒரே கை என்பதால்.

சூழல் எங்கிருந்து வருகிறது

சூழல் என்ற பொருளில் வரும் ‘ஆம்பியன்ட்’ என்ற சொல்லை 1978இல் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ தன் ஆல்பத்தின் தலைப்பிலேயே போட்டார். விமான நிலையங்களுக்கான இசை அது. கவனித்துக் கேட்டாலும் சரி, கவனிக்காமல் விட்டாலும் சரி, இரண்டுக்கும் இடம் கொடுக்கும் இசை வேண்டும் என்பது அவர் எண்ணம். ஹிப்ஹாப் பிறகு இந்த யோசனையைத் தன் தாளத்தின் பின்னால் விரித்துக்கொண்டது. முன்னால் டிரம்மும், பேஸ் என்ற தாழ்ந்த ஒலியும் நடக்கும். பின்னால் ஒரு இடம் இருக்கும்.

அந்த இடத்தை உண்டாக்கும் கருவிகளில் எனக்குப் பிடித்தது ஃபில்டர். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு வானொலியில் மின்னல் பண்பலை ஓடும். நடுவில் பலகைச் சுவர். அந்தச் சுவர் உச்ச ஒலிகளைத் தின்றுவிடும். பாடகியின் சொற்கள் மங்கிவிடும். தபேலாவின் அடியும் பேஸும் மட்டும் இந்தப் பக்கம் வரும். தாழ்ந்த அதிர்வெண் சுவரைத் தாண்டும், உயர்ந்தது தாண்டாது. சாம்பிளரில் உள்ள ‘லோ-பாஸ்’ ஃபில்டர் இதே வேலையைச் செய்கிறது. பியானோ துண்டு ஒன்றின் உச்ச ஒலிகளை வெட்டிவிட்டால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மெல்ல மெல்ல ஃபில்டரைத் திறந்தால் கதவைத் திறந்துகொண்டு நம்மிடம் வரும். இந்த ஒரு குமிழை வைத்தே தூரம், பக்கம், அன்று, இன்று எல்லாவற்றையும் காட்டிவிடலாம்.

‘ரிவெர்ப்’ என்பது எதிரொலிப்பு. ஒலி அடங்க எத்தனை நேரம் எடுக்கிறது என்பதை வைத்துக் காது அறையின் அளவைக் கணக்கிடுகிறது. அரை வினாடியில் அடங்கினால் சின்ன அறை. மூன்று வினாடி என்றால் காலியான மண்டபம். அடுத்து ‘சைட்செயின்’. கிக் அடி விழும்போதெல்லாம் பின்னணி இசை ஒரு கணம் தணிந்து மறுபடி எழும்பும். மாரியம்மன் திருவிழாவில் “வெள்ளை நிற புரோட்டோன் காரின் உரிமையாளர் உடனே வரவும்” என்று அறிவிக்கும்போது ஒலிபெருக்கிக்காரர் பாட்டைக் குறைத்து, அறிவிப்பு முடிந்ததும் ஏற்றுவார் அல்லவா, அதையே வினாடிக்கு ஒருமுறை இயந்திரம் செய்தால் எப்படி இருக்கும், அப்படி.

கடைசியாக, வெளியில் பதிவு செய்த ஒலிகள்: மழை, சந்தை, இரயில். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. வேண்டுமென்றே ஒலித் தரம் குறைத்து, இணையத்தில் குவிந்து கிடக்கும் லோ-ஃபை இசையில் பாதிக்கு மேல் ஒரே மழைதான். யாருடைய மழை, எந்தக் கூரையில் விழுந்தது என்று எதுவும் இல்லாத மழை. தகரக் கூரையில் விழும் மழையும் ஓட்டுக் கூரையில் விழும் மழையும் ஒன்றில்லை என்று நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். தகரத்தில் விழுந்தால் வீட்டுக்குள் பேசுவது காதில் ஏறாது. அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு எங்கிருந்தோ இறக்கிய மழையை ஒட்டவைத்தால் அது சூழல் ஆகாது.

தங்கை மகனின் கேள்வி

இப்போது அவன் கேள்விக்கு வரலாம். ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியது. பால்மரத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். குடும்பம் பட்டணத்தில் தாமான் என்ற குடியிருப்பு வீட்டுக்கு மாறியது. இந்த ஊருக்கு இது புதிதில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், அதைத் தடுக்கத் தொழிலாளர்களே நிலம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் அப்போது இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்தான். அதையும் மீறிப் போன தோட்டங்கள் எத்தனையோ.

நம் ஆள் அந்த இடப்பெயர்ச்சியைப் பேச்சில்லாத ஆல்பமாகச் செய்ய வேண்டும். முதலில் ஒலிகளைத் தேடுவார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணக் கூப்பிடும் மணி. பால் வாளியின் கைப்பிடி விழும் ஓசை. வெயில் ஏறும்போது ரப்பர் காய் படீரென்று வெடித்து விதை கூரையில் தெறிக்கும் சத்தம். அந்த வெடிப்பு சுருக்கமானது, கூர்மையானது, வால் இல்லாதது. ஸ்னேர் அடிக்கு அதைவிட நல்ல ஒலி கிடைக்காது. ஆனால் அவர் பிறந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைப் பழம் வெடிக்காது. அந்த ஒலிக்காக அவர் இன்னும் பால்மரம் வைத்திருக்கும் ஒரு சிறுதோட்டக்காரரைத் தேடிப் போக வேண்டும். அங்கே கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒலியைச் சேகரிக்கப் போன அந்த அலைச்சலே ஆல்பத்தின் பாதிக் கதை.

சேகரித்த பிறகுதான் கலை. முதல் பாட்டுக்கு ‘பெரட்டு’ என்று பெயர் வைக்கிறார் என்று கொள்வோம். 12 வினாடி வளையம். ஒவ்வொரு வளையத்தின் முதல் அடியிலும் மணி விழுகிறது. நாலைந்து முறை சுற்றியதும் உங்கள் காது மணியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். யாரும் சொல்லித்தரவில்லை, வளையம் பழக்கிவிட்டது. நடுவில் ஒரு பாட்டில் அதே மணி வருகிறது, ஆனால் ஃபில்டர் போட்டு, சுவருக்கு அந்தப் பக்கமாக. அப்புறம் லோரி எஞ்சின் ஒலியில் ஒரு பாட்டு, மணியே இல்லாமல். கடைசிப் பாட்டில் முதல் பாட்டின் வளையம் திரும்புகிறது. அதே டிரம், அதே பேஸ், அதே காய் வெடிப்பு. முதல் அடி வருகிறது. மணி விழவில்லை. அடுத்த சுற்றிலும் விழவில்லை. பழகிப்போன உங்கள் காது அந்தக் காலி இடத்தில் போய் முட்டிக்கொள்கிறது.

இங்கேதான் கதை நடக்கிறது. ‘என் தோட்டம் போய்விட்டது’ என்று ஒருவர் ராப் பண்ணியிருந்தால் அது அவர் இழப்பு, கேட்டு வருத்தப்பட்டிருப்பீர்கள். இங்கே இழந்தது நீங்கள். அரை மணி நேரத்துக்கு முன்பு உங்களுக்கே பழக்கப்பட்ட ஒன்றை உங்களிடமிருந்து எடுத்துவிட்டார். வளையம் ஒன்றை எதிர்பார்க்கப் பழக்கும்; பிறகு எதை மாற்றுகிறார், எதைத் தராமல் விடுகிறார் என்பதில் செய்தவரின் அனுபவம் இருக்கும். பேச்சில்லாத ஹிப்ஹாப் அனுபவத்தைச் சொல்லும் முறை, என்னைக் கேட்டால், பெரும்பாலும் இதுதான்.

கூடவே பாட்டுத் தலைப்பு, வரிசை, அட்டைப்படம், வெளியான நாள் ஆகியவையும் பேசும். ஜே டில்லாவின் ‘டோனட்ஸ்’ 2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32ஆவது பிறந்த நாளில் வெளியானது. மூன்று நாள் கழித்து அவர் இறந்துபோனார். இரத்த நோயோடும் லூபஸ் என்ற நோயெதிர்ப்புக் கோளாறோடும் போராடியவர். ஆல்பத்தில் 31 துண்டுகள், மொத்தம் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. முதல் துண்டின் பெயர் ‘முடிவுரை’ என்ற பொருளில் ‘அவுட்ரோ’. கடைசித் துண்டின் பெயர் ‘இன்ட்ரோ’. முடிந்ததும் மறுபடி தொடங்கும்படி, ஆல்பமே ஒரு வளையமாக இருக்கிறது. இதெல்லாம் தெரியாமலும் கேட்டு ரசிக்கலாம், தலை ஆடத்தான் செய்யும். தெரிந்த பிறகு கேட்டால் வேறு மாதிரி.

செய்து பார்க்க ஆசைப்படுவோருக்கு

பழைய பாட்டை வெட்டி ஒட்டி வெளியிட்டால் உரிமைப் பிரச்சினை வரும். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டும் வரியும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்த வழக்கில், அமெரிக்க நீதிபதி ‘திருடாதிருப்பாயாக’ என்ற கட்டளையோடுதான் தீர்ப்பையே தொடங்கினார். மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது. பயிற்சிக்கு வீட்டுக்குள் என்னவும் வெட்டலாம். வெளியிடுவதென்றால் நீங்களே பதிவு செய்த உறுமியும் மணியும் மழையும் வம்பில்லாதவை, போதாததற்கு வேறு யாரிடமும் இல்லாதவை.

கருவிக்குச் செலவு அதிகம் இல்லை. கைப்பேசியின் ஒலிப்பதிவுச் செயலி, இலவசமாகக் கிடைக்கும் பேண்ட்லேப், கணினியில் ஆடாசிட்டி. தொடங்க இவ்வளவு போதும். எதைத் தட்டினாலும் முதல் வாரம் குவான்டைஸ் போடாமல் தட்டுங்கள், உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியட்டும்.

கேட்பதற்குக் கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கர் ஆகாது. கிக்கும் பேஸும் பெரும்பாலும் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கின்றன. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வராது, பாதி ஆல்பம் காணாமல் போய்விடும். ஒரே பாட்டை முதல் முறை டிரம்முக்காகக் கேளுங்கள். அடுத்த முறை பின்னணியில் எந்த இடம் கேட்கிறது என்று பாருங்கள். அப்புறம் வளையத்தில் எந்தச் சுற்றில் என்ன குறைந்தது என்று தேடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் ஜப்பானின் நுஜாபெஸ். 2003இல் வந்த ‘மெட்டாஃபோரிக்கல் மியூசிக்’. ஜாஸ் பியானோவும் மென்மையான தாளமுமாக, பழகாத காதுக்கும் இதமாக இருக்கும். சில பாட்டுகளில் ராப் வரும், தப்பில்லை. அடுத்து ‘என்ட்ரொடியூசிங்’, இரவில், ஒரே மூச்சில். அது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ‘டோனட்ஸ்’ மூன்றாவதாகத்தான். முதலிலேயே அதைப் போட்டால் துண்டு துண்டாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்திவிடுவீர்கள். என் தங்கை மகன் அப்படித்தான் நிறுத்தினான்.